சில்லறை மாற்றத் தெரியாத டீச்சர்

தவளக்குப்பம் சந்திப்பில் கடலூர் ரோட்டைக் கடப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். புதுச்சேரியிலிருந்து வரும் தனியார் பஸ்காரர்கள் எதிரே நிற்பது மனுஷிதானா என்று பார்ப்பதில்லை. அங்கே நிற்கும்போது யாராவது ஒரு பழைய மாணவர் வண்டியை ஓரங்கட்டி, "வணக்கம் டீச்சர், வாங்க அந்தாண்ட விட்டுடறேன்" என்பார். 27 வருஷம் கணக்கு நடத்தியதற்கு எனக்குக் கிடைத்த பென்ஷனில் இதுவும் ஒன்று. சந்தோஷமாகவே வாங்கிக்கொள்வேன். ஒரே ஒரு பெண் வைக்கும் வணக்கத்தை மட்டும் நிமிர்ந்து வாங்க முடிவதில்லை. அவளுக்கு என் மேல் கோபம் எதுவும் கிடையாது. அதனால்தான் கஷ்டம்.

நடந்தது 2022-23 கல்வியாண்டில். தவளக்குப்பம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. பெயர் வேண்டாம். பள்ளி மேல் தப்பில்லை, தலைமையாசிரியர் மேலும் தப்பில்லை. யோசனை என்னுடையது, நடத்தியது நான், கெடுத்ததும் நான்.

அந்த ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடியபோது அவர்கள் மூன்றாம் வகுப்பில் இருந்தார்கள். நான்காவதையும் ஐந்தாவதையும் அம்மாவின் செல்போனில் படித்ததாகக் கணக்கு. அந்த போனும் அம்மா வேலைக்குப் போனால் கூடவே போய்விடும். வகுப்பில் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. 32 பேருக்குக் கழித்தல் வரவில்லை. ஆறாம் வகுப்புப் பாடத்தில் முழுக்கள் என்று தொடங்கிக் குறை எண்ணுக்குப் போக வேண்டும். 52-லிருந்து 27-ஐக் கழிக்க முடியாதவனைச் சுழியத்துக்குக் கீழே எப்படி இறக்குவது?

எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இல்லம் தேடிக் கல்வி நடந்துகொண்டிருந்தது. 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் தொடங்கிவைத்தார்கள். தன்னார்வலர்கள் மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள் தெருவிலேயே பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்சி உண்டு, மாதம் 1,000 ரூபாயும் உண்டு. நாம் புதுச்சேரி, நமக்கு அது இல்லை. 'நம்மிடம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்களே' என்று எனக்குத் தோன்றியது. பெரிய பிள்ளை ஒன்றுக்குச் சின்னப் பிள்ளை இரண்டு. செவ்வாய், புதன், வியாழன் கடைசிப் பீரியடில் புங்கமரத்தடியில் உட்கார வேண்டியது. தலைமையாசிரியர் கேட்டதும் சரி என்றார்.

இதுவரை நல்ல யோசனைதான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்தப் பெரிய பிள்ளைகள் எழுதியிருந்த எட்டாம் வகுப்பு முழுஆண்டுத் தேர்வின் மதிப்பெண் பட்டியலை எடுத்தேன். மேலேயிருந்து 16 பெயரை எண்ணினேன், முடிந்தது தேர்வு. 'உனக்கு இஷ்டமா' என்று ஒருவரையும் கேட்கவில்லை. ஒருநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் 16 பேரையும் கூப்பிட்டு நிற்கவைத்து அரைமணி நேரம் பேசினேன். பொறுமையாகச் சொல்லித்தரணும், அடிக்கக் கூடாது, நீங்களெல்லாம் பள்ளிக்கு முன்மாதிரி என்று இன்னும் என்னென்னவோ. பயிற்சி என்று நான் கொடுத்தது அந்த அரைமணி நேரம்தான். அப்புறம் சந்திப்புக் கடையில் 160 ரூபாய்க்கு வாங்கிவந்த சிவப்புப் பேனாவை ஆளுக்கு ஒன்று கொடுத்தேன்.

அந்தப் பேனாவை வாங்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். என் பேச்சில் ஒரு சொல்கூட அவர்கள் காதில் ஏறியிருக்காது. சிவப்புப் பேனா கைக்கு வந்ததும் தாங்கள் யார் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த வாரமே சின்னப் பிள்ளைகளின் நோட்டெல்லாம் பெருக்கல் குறியாகச் சிவந்து கிடந்தது.

ஆகஸ்டில் ஒருநாள் அந்தப் பக்கம் போனேன். முதல் ரேங்க் பையன் ஒருவன் எதிரே இருந்த குட்டிப்பயலின் தலையில் பேனாவின் பின்பக்கத்தால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே, "எத்தினி தபா சொல்றது? மண்டைல இன்னா களிமண்ணா?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆசிரியர் அறைக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். "அப்படியே உங்களை உரிச்சு வச்சிருக்கான் டீச்சர்" என்றார் ஒருவர். ஆமாம், அது என் வாக்கியம். என்ன, நான் சாக்பீஸால் தட்டுவேன். அந்த வாக்கியத்தை எத்தனை வருஷமாக எத்தனை மண்டைகளில் தட்டியிருக்கிறேன் என்று அன்றைக்கு யோசித்திருந்தால் அப்போதே திருந்தியிருக்கலாம். சிரித்துவிட்டு டீ குடித்தேன்.

அந்த மூன்று பீரியடிலும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் திருத்தினேன். பதிவேடு எழுதினேன். வாரத்தில் இரண்டு மணி நேரம் எனக்கு மிச்சம். பிள்ளைகளின் நன்மைக்காகத்தான் தொடங்கினேன், அது பொய்யில்லை. அதைத் தொடர்ந்து நடத்தியதற்குக் காரணம் அந்த இரண்டு மணி நேரம்.

அந்தக் குட்டிப்பயல் கதைக்கு வருகிறேன். ஜூலையில் தொடங்கியபோது அவனுக்குக் கிடைத்த அண்ணன் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டான். அதே வகுப்பில் ஒரு பெண் உண்டு. தம்பியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதால் கடைசிப் பீரியட் நேரத்தில் மரத்தடிப் பக்கம் சுற்றிக்கொண்டிருப்பாள். அம்மா கூடையில் மீன் வைத்துத் தெருத்தெருவாக விற்பவர். பெண் கணக்கில் நூற்றுக்கு 27. "நான் பாத்துக்கவா டீச்சர்?" என்றாள். வேறு ஆள் இல்லாததால் சரி என்றேன். அவளுக்கும் ஒரு சிவப்புப் பேனா கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட அங்கே போனவள் பின்னால் நின்று கேட்டேன். நின்றது ஐந்து நிமிஷம்தான்.

52 – 27. பையன் நோட்டில் 35 என்று எழுதியிருந்தான். கணக்கு டீச்சர்களுக்கு இந்த 35 பழகிய முகம். 2-லிருந்து 7 போகாது, அதனால் 7-லிருந்து 2-ஐக் கழித்து 5. அப்புறம் 5-லிருந்து 2 போனால் 3. பெரிசிலிருந்து சிறிசு என்று பிள்ளைக்குத் தெரிந்த ஒரே சட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறான். நான் அதன்மேல் பெருக்கல் குறி போட்டுவிட்டு, "பக்கத்து வீட்ல கடன் வாங்குடா" என்பேன். என் வாத்தியார் எனக்குச் சொன்னது, அவருக்கு அவர் வாத்தியார் சொன்னது.

அவள் குறி எதுவும் போடவில்லை. மண்ணில் ஐந்து புங்க இலையைப் பரப்பினாள். பக்கத்தில் இரண்டு புளியங்கொட்டை.

"அஞ்சு பத்து ரூபா நோட்டு, ரெண்டு ரூபா காசு. எவ்ளோ வச்சினுகிற?"

"அம்பத்தி ரெண்டு."

"எங்கம்மாகிட்ட மீனு வாங்கிட்ட. இருவத்தி ஏழு ரூபா. சில்லறையா கரெக்டா குடுன்னு கேக்குது. மொதல்ல அந்த ஏழு ரூபாய குடு."

"ரெண்டு ரூபாதாங்கா கீது."

"அப்ப ஒரு நோட்ட மாத்து."

அவன் ஓர் இலையை நீட்டினான். அவள் அதை மடியில் போட்டுக்கொண்டு பத்துப் புளியங்கொட்டையை எண்ணி வைத்தாள். இப்போது அவனிடம் 12 கொட்டை. ஏழைக் கொடுத்தான், ஐந்து மிச்சம். நாலு இலையில் இரண்டைக் கொடுத்தான், இரண்டு மிச்சம். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு 35-ஐ அவனே அடித்துவிட்டு 25 என்று எழுதினான். எழுதிவிட்டு ஒரு கேள்வி கேட்டான்.

"ஏங்க்கா, டீச்சரு கடன் வாங்குன்னு சொல்லுதே, அத்த திருப்பித் தர வாணாமா?"

"கடனா? எவன்டா சொன்னது? இது சில்லறை மாத்துறது. குடுத்தது பத்து, வாங்குனது பத்து. முடிஞ்சி போச்சி."

பின்னால் நின்ற நான் ஒன்றும் பேசவில்லை. கடன் வாங்குகிற கணக்கில் கடனே கிடையாது, ஒரு பத்து, பத்து ஒன்றுகளாக மாறுகிறது, அவ்வளவுதான். இது எனக்குத் தெரியாதா? பட்டப்படிப்பு, பி.எட். எல்லாம் முடித்தவள். தெரியும். ஆனால் ஒரு பிள்ளையிடமும் இப்படிச் சொன்னதில்லை. திருப்பித் தர வேண்டாமா என்று என்னை ஒருவனும் கேட்டதில்லை. கேட்கும்படி நான் வைத்துக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் போனது. மஞ்சள் காமாலைப் பையன் தேறி வந்தான். அதே சமயம் ஆய்வுக்கு அதிகாரி வருவதாகத் தகவல். மரத்தடியைப் பார்த்தால் அவர் கேட்பார், "இந்தப் பொண்ணு என்ன மார்க்?" 27 என்று எப்படிச் சொல்வது? அவளைக் கூப்பிட்டேன். "நீ போய் உன் பாடத்தைப் படிம்மா. உனக்கே கணக்கு வரல, நீ என்னத்தச் சொல்லித்தரப் போற" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். "சரி டீச்சர்" என்றாள். மறுநாள் காலையில் மேசைமேல் சிவப்புப் பேனாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ரீஃபில் முழுசாக இருந்தது.

டொக் டொக்கென்று தட்டியவன் தேறி வந்த அந்தப் பையன்தான். அவன் மேல் குற்றம் சொல்லமாட்டேன். கெட்டிக்காரப் பிள்ளைகளிடம் ஒரு சங்கடம் உண்டு. தனக்குக் கழித்தல் எப்படி வந்தது என்பது அவனுக்கு ஞாபகமில்லை, மூச்சு விடுவதுபோல் அது வந்துவிட்டது. வராதவனைப் பார்த்தால் வேண்டுமென்றே செய்கிறான் என்றுதான் தோன்றும். 27 மதிப்பெண் வாங்கிய பெண்ணுக்கு எங்கே இடறும் என்று தெரியும், அவளே போன வருஷம் அங்கே இடறியவள். இதை அந்தப் பையனுக்குச் சொல்லித்தருவதுதான் பயிற்சி. அதைச் செய்ய வேண்டியவள் மின்விசிறிக்குக் கீழே இருந்தாள்.

செப்டம்பர் 5, ஆசிரியர் தின விழா. மேடையில் பேசினேன். சட்டாம்பிள்ளை முறை நம் திண்ணைப் பள்ளியில் பிறந்தது என்றேன். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளியை நடத்தினார். நம் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து, தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். ஆசிரியர் முடியாது என்றார். உடனே பெல், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் சின்ன வகுப்பை ஒப்படைத்தார். அது பலித்தது. 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே இங்கிலாந்தெங்கும் பரவியது. 'உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தது நம் மண்' என்று முடித்தேன். நல்ல கைதட்டல்.

மீதிக் கதையை நான் மேடையில் சொல்லவில்லை. அப்போது படிக்கவும் இல்லை, ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன். அதே காலத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் சட்டாம்பிள்ளைகளை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர் என்று பள்ளி நடத்தினார். அவர் பள்ளியில் அடங்காத பிள்ளையைக் கூடையில் போட்டு உத்தரத்தில் தொங்கவிடுகிற தண்டனை இருந்தது. மலிவாக நடத்தலாம் என்று ஊரெல்லாம் பிடித்துக்கொண்ட முறை, சின்னப் பையன்கள் அதைவிடச் சின்னப் பையன்களை உருப்போட வைப்பதில் போய் முடிந்தது. 1846-இல் அங்கே அரசே வேறு ஏற்பாட்டுக்கு வந்தது. 13 வயதில் ஒரு பிள்ளையை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, தலைமையாசிரியர் தினமும் அவனுக்குத் தனியாகப் பாடம் நடத்தி, ஐந்து வருஷம் பழக்க வேண்டும். ஐந்து வருஷம்! நான் கொடுத்தது அரைமணி நேரம்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1984-இல் அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரத்தில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். படிப்பை விட்டுவிடுவார்கள் என்று பயப்பட்ட பெரிய பிள்ளைகளாகத் தேடிப்பிடித்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வைத்தார்கள். அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். அந்தப் பெரிய பிள்ளைகள் பள்ளியில் தங்கினார்கள். அந்த மாதிரி ஊரில் என் 27 மதிப்பெண் பெண்ணின் பெயர் பட்டியலில் முதலில் இருந்திருக்கும்.

இங்கிலாந்தில் கீத் டாப்பிங் என்பவர் 1980-களில் பரப்பிய இணை வாசிப்பு முறையும் அப்படித்தான், பயிற்சியே அங்கே சின்னச் சின்ன விஷயம். பிள்ளை ஒரு சொல்லில் தடுக்கினால் நாலைந்து நொடி வாயைத் திறக்காதே. அப்புறமும் வரவில்லையென்றால் நீயே சொல், அவனைத் திருப்பிச் சொல்லச் சொல், மேலே போ. ஏன் தெரியவில்லை என்று கேட்காதே. படிக்கச் சுலபமாக இருக்கிறதே என்று என் பேத்தியிடம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு செய்துபார்த்தேன். ஐந்து நொடி என்பது எவ்வளவு நீளம் தெரியுமா? இரண்டாவது நொடியிலேயே என் வாய் திறந்துகொண்டது. 27 வருஷத்தில் நான் ஒரு பிள்ளைக்கும் இரண்டு நொடிக்கு மேல் கொடுத்ததில்லை என்பது 60 வயதுக்கு மேல் தெரிகிறது.

டிசம்பரில் அறிக்கை எழுதினேன். 2020 தேசியக் கல்விக் கொள்கை மாணவர்கள் சக மாணவர்களுக்குச் சொல்லித்தருவதை ஊக்குவிக்கிறது என்று தொடக்கத்திலேயே போட்டேன். அதே இடத்தில் விருப்பமிருந்தால், மகிழ்ச்சியாக, பயிற்சி பெற்ற ஆசிரியரின் மேற்பார்வையில் என்று நிபந்தனைகள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டேன். '32 மாணவர்கள் பயன் பெற்றனர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. ஒரு சான்றிதழ்கூட உண்டு. சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருந்தேன். போன வருஷம் வெள்ளையடித்தபோது இறக்கினேன், திரும்ப மாட்டவில்லை.

அந்த 32-இல் ஒருவன் குட்டிப்பயல். ஆகஸ்டுக்குப் பிறகு கடைசிப் பீரியட் மணி அடித்தால் அவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வான் என்று ஆயாம்மா சொன்னார். அப்புறம் அந்த மூன்று நாளும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போகத் தொடங்கினான். "வயித்து வலி டீச்சர்" என்பான். ஏன்டா செவ்வாய், புதன், வியாழன் மட்டும் வலிக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே டிக் போட்டுக்கொண்டே போனேன். கட்டம் காலியாக இருந்தால் அறிக்கை அழகாக இருக்காதே.

2023 ஜூனில் ஆறு முதல் ஒன்பது வரை சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறினோம். புதுப் புத்தகம், புதுப் பயிற்சி என்று எங்களுக்கே தலை சுற்றியதில் மரத்தடித் திட்டம் சத்தமில்லாமல் நின்றது. ஒருவரும் ஏன் நின்றது என்று கேட்கவில்லை. 2024-இல் ஓய்வுபெற்றேன்.

அதற்கு முன் அந்த முதல் ரேங்க் பையனிடம் ஒருதடவை பேசினேன். பத்தாம் வகுப்புப் பிரிவு உபசார நாள். ஏதோ உறுத்தல், "அந்தச் சின்னப் பையனை ரொம்பத் திட்டினியாடா?" என்று கேட்டேன். அவன் கண் கலங்கிவிட்டது. "நீங்க நடத்துற மாதிரியேதான் டீச்சர் நடத்துனேன். அவனுக்கு வரவே இல்ல. எனக்கு இன்னா பண்றதுன்னு தெரில. உங்ககிட்ட சொன்னா, உனக்கு சொல்லித்தரத் தெரியலன்னு சொல்வீங்கன்னு பயம்" என்றான். நாலு மாசம் ஒரு 14 வயதுப் பிள்ளை தனியாக இதைச் சுமந்திருக்கிறான். எப்படிப் போகிறது என்று ஒருதடவைகூட அவனை உட்காரவைத்துக் கேட்டவள் இல்லை நான்.

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். அந்த நாலு மாசமும் அவன் தேதி போட்டு எழுதிவைத்தது. யார் வந்தார்கள், என்ன நடத்தினான், எது வரவில்லை. நான் எழுதச் சொல்லவில்லை, அவனாக எழுதியிருக்கிறான். பல தேதிகளில் குட்டிப்பயல் பெயருக்கு நேரே 'வரல', 'வரல' என்று இருந்தது.

பெண் பத்தாவது முடித்துவிட்டு அம்மாவோடு வியாபாரத்துக்குப் போகிறாள். சந்திப்பில் சாயங்காலம் கூடையோடு நிற்பாள். நான் போனால், "டீச்சர், சங்கரா நல்லா இருக்குது, எடுத்துக்குங்க" என்பாள். 500 ரூபாய் நோட்டு கொடுத்தால் மீதியை எண்ணாமலே விரல் நுனியில் பிரித்துக் கொடுக்கிறாள், ஒரு ரூபாய் தப்பாது. அந்தச் சிவப்புப் பேனாவைப் பற்றி அவளிடம் இன்னும் பேசவில்லை. இதை எழுதி முடித்ததும் பேசலாம் என்றிருக்கிறேன்.

என் பதிவேட்டையும் அந்தப் பையன் நோட்டையும் நேற்று பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தேன். அவளை அனுப்பியதற்குப் பிறகு, ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை மரத்தடியில் வகுப்பு நடந்தது 38 நாள். என் பதிவேட்டில் அந்தச் சின்னப் பையனுக்கு 38 டிக். முதல் ரேங்க் பையன் நோட்டில் 29 'வரல'.